ரேடியோ அக்கா பேசாத சுற்று

கோட்டையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அவளை ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படித்துப் பார்க்க அவள் யாருக்கும் அவகாசம் கொடுத்ததில்லை.

ஊருக்கு மேலே குன்றின் மீது இருக்கிறது அந்தப் பழைய கோட்டை. காலையில் கதவு திறந்ததும் முதல் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு அக்கா கிளம்புவாள். வாசல், குதிரை லாயம், தானியக் களஞ்சியம், கிணறு, கடைசியில் உச்சிக் காவல் மேடை. இதற்கு ஒரு சுற்று என்று பெயர். சுற்று முடியும்வரை அவள் வாய் ஓயாது. எப்போது மூச்சு விடுகிறாள் என்று கண்டுபிடித்தவர்கள் இல்லை. ஒரு ராஜா காய்ச்சலில் செத்தான் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தால், அவன் என்ன முனகினான், யார் பெயரைச் சொன்னான், யார் கையைத் தட்டிவிட்டான் என்று பக்கத்தில் நின்று வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் மாதிரி சொல்வாள். சரித்திரம் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்தவர்களும் கடைசிவரை கூடவே வருவார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவளுக்குக் கிடைத்தது டிக்கெட் கவுன்ட்டர் வேலைதான். சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற நேரத்தில் கோட்டைக் கதையை ஆரம்பித்துவிடுவாள். சீட்டு வாங்கியவன் நகரமாட்டான். அடுத்தவனும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். வரிசை சாலைவரை போகும். அப்போதிருந்த மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். இவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வழிகாட்டி ஆக்க வேண்டும். மனிதர் புத்திசாலி. வழிகாட்டி ஆக்கினார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் அவள் பேச்சுக்கு நடுவே பதில் சொல்லப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஊரில் அவருக்கு அமைதியானவர் என்று நல்ல பெயர் கிடைத்தது; அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் அக்காதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தொண்டை கட்டியது. முதலில் கரகரத்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பேசினாள். பிறகு கீச்சிட்டது. அதையும் சட்டை செய்யாமல் பேசினாள். ஒருநாள் லாயத்தில், சுவரைத் தாண்டிக் குதித்த கறுப்புக் குதிரையின் கதையில், குதிரை அந்தரத்தில் இருக்கும்போது குரல் நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, வெறும் காற்றுதான் வருகிறது. கூட்டம் குதிரை தரையில் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது.

மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; டாக்டர்களைக் கண்டால் பயப்படாதவள்.

"குரல் நாண்ல காய்ப்பு காய்ச்சிருக்கு" என்றார் டாக்டர். "மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்க்கும் பாருங்க, அந்த மாதிரி. இனிமே பேசவே கூடாது. ரகசியம் பேசற மாதிரி கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம்."

"எவ்வளவு நாளைக்கு?" மகள் கேட்டாள்.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும். இப்ப அடக்கிக்கிட்டா குரல் திரும்பி வரும். கத்தினாங்கன்னா, போனது போனதுதான்."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறார் பாவம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

அடுத்த அடி கோட்டையிலிருந்து வந்தது. வழிகாட்டிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கிற பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஒரு முழுச் சுற்றில் கூடவே நடந்து மார்க் போடுவார். இப்போதைய மேலாளர் சின்ன வயதுக்காரர், அக்காவிடம் மரியாதை உள்ளவர். சொல்லமுடியாமல்தான் சொன்னார்.

"குரலுக்குன்னே தனியா மார்க் இருக்கு அக்கா. பேசாத வழிகாட்டிக்கு எப்படி உரிமம் குடுப்பாங்க? உரிமம் போயிட்டா நான் உங்களை உள்ள வச்சிருக்க முடியாது. விதி அப்படி."

அவள் இடத்துக்கு யார் வருவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெட்டையன் என்று ஒரு வழிகாட்டி இருந்தான். வாசலில் நின்று பேசினால் உச்சி மேடைக்குக் கேட்கும். காலைக் கூட்டம் மீது அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆனால் யோக்கியன்.

"அக்கா, உங்க இடத்துக்கு ஆசைப்படலைன்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றான். "ஆனா நீங்க இப்படிப் போனீங்கன்னா எனக்கு அது ருசிக்காது."

சம்பளம் போய்விடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வேன் ஓடுகிறது, மகள் சம்பாதிக்கிறாள், அடுப்பு அணைந்துவிடாது. அக்காவை அரித்தது வேறு. ஏறிவந்த களைப்பில், ஏன்டா வந்தோம் என்ற முகத்தோடு வாசலில் நிற்கிற முன்பின் தெரியாதவர்கள், இறங்கிப் போகும்போது திரும்பித் திரும்பிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அப்படிப் பார்க்க வைத்தவள் அவள். அந்த வேலையில்லாத ஒரு காலைப் பொழுதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சும்மா விடுகிற ஆளா? தடித்த வெள்ளை அட்டைகளும் கறுப்பு மார்க்கர் பேனாவும் வாங்கினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிக் காட்டிவிடுவது என்று முடிவு கட்டினாள். வாசல் கதை முழுவதையும் ஓர் அட்டையில் அடக்கினாள். எழுத்து எறும்புச் சாரி மாதிரி இருந்தது.

சுற்று படுதோல்வி. முன்வரிசை குனிந்து படித்தது, பின்வரிசை "என்னவாம்? என்னவாம்?" என்று முதுகைச் சுரண்டியது. ஒருவர் கண்ணாடியைத் தேடினார். ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. பாதிக் கூட்டம் நழுவி, பின்னால் வந்த நெட்டையன் கூட்டத்தோடு கலந்துவிட்டது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து அட்டைகளை மேசை மேல் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழவும் அனுமதி இல்லை.

இங்கேதான் கணவர் பேசினார். சொல்லப்போனால், அவள் வாயை மூடிய நாளிலிருந்தே அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். வீடு அப்படிச் சத்தமில்லாமல் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. டயர் பற்றி, ரொட்டிக்கடை முதலாளியின் தும்மல் பற்றி, எதிர்வீட்டு நாய் பற்றி.

"நம்ம வேன்ல பேர் எழுதின பெயின்டர் என்ன சொன்னான் தெரியுமா?" என்றார். "கம்பெனிக்காரன் ஒரு பக்கம் நிறைய எழுதிக் குடுத்திருந்தான். பெயின்டர் ஒத்துக்கல. ஓடற வண்டியில மூணு வரிக்கு மேல எழுதினா ஒருத்தனும் படிக்கமாட்டான், எழுத்து பெருசா இருக்கணும், மூணே வரின்னுட்டான். உன் கூட்டமும் நடக்கற கூட்டம்தானே?"

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "மூணு வரியா? அம்மா, அதுக்கு ஹைக்கூன்னு பேரு. கண்ணு முன்னால இருக்கறதை மூணு வரியில சொல்றது. மழை, கல்லு, வெயில், பழைய சுவரு, எதுவா இருந்தாலும் சரி. ஒரே ஒரு விதி. விளக்கம் சொல்லக்கூடாது."

அக்கா ஒரு தாளை இழுத்து எழுதினாள்: 'விளக்கம் சொல்லாமல் வழிகாட்டியா?'

"முயற்சி பண்ணிப் பாரேன்."

அக்கா முயற்சி பண்ணிய லட்சணம் இது:

மாபெரும் மன்னர் கட்டிய
மாபெரும் வாசல்
மாபெரும் வீர வரலாறு!

மகள் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். "அம்மா, அட்டையிலயும் நீ மைக் பிடிச்சிருக்க! முதல்ல இந்த மாபெரும் எல்லாத்தையும் வெளிய அனுப்பு."

வெளியே அனுப்பினாள். வேறு வந்து உட்கார்ந்தது. வருஷத்தைப் போட்டாள், ராஜா பெயரைப் போட்டாள், ஆச்சரியக்குறி போட்டாள். இத்தனை வருஷம் நிரப்பியே பழகிய கைக்கு ஒரு வரியைக் காலியாக விடுவது என்றால் உயிர் போகிற வேலையாக இருந்தது. அந்த அட்டைகளைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். எழுத்து பெரிதாக இருந்ததால் ஜனங்கள் படித்தார்கள். படித்துவிட்டு, சரி, அடுத்தது என்ன என்ற மாதிரி நின்றார்கள்.

வழி காட்டியது மழை. ஒருநாள் கிணற்றடிக்குப் போகிற பாதையில் திடீரென்று தூறல் பிடித்துக்கொண்டது. அவள் வாங்கிய பேனா மட்டரகமானது என்று அப்போதுதான் தெரிந்தது. கிணற்று அட்டையை உருவி எடுத்தால் கடைசி வரி கரைந்து சாயமாக வழிந்துகொண்டிருந்தது. மீதி இவ்வளவுதான் இருந்தது:

எட்டிப் பார்த்தேன்
கிணற்றுக்குள்

மூன்றாவது வரியில் ஆழம் இத்தனை, வெட்டிய வருஷம் இன்னது என்று கணக்கு எழுதியிருந்தாள். அது போய்விட்டது. வேறு வழியில்லாமல் இருப்பதையே தூக்கிப் பிடித்தாள். கூட்டம் படித்தது. பிறகு நடந்ததை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"என் மூஞ்சி" என்றது ஒரு சிறுமி.

"தவளை ஒண்ணு இருக்கு, அதோ கல்லுல."

"மழை கீழே விழறது தெரியுது பாரு" என்றார் ஒரு பெரியவர். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவும் எட்டிப் பார்த்தாள். அந்தக் கிணற்றைப் பற்றி எத்தனை ஆயிரம் தடவை பேசியிருப்பாள்! அதற்குள் சொட்டு விழுகிற சத்தம் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தான் பேசிய பேச்சில் கிணறு பேசியது காதில் விழவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாசல் திறக்குமுன்பே போய் ஒவ்வோர் இடத்திலும் உட்கார ஆரம்பித்தாள். எழுதுவதற்கு அவசரப்படவில்லை. பார்த்தாள், கேட்டாள், கல்லைத் தொட்டுப் பார்த்தாள். கிணற்றுக்கு இப்படி வந்தது:

வற்றாத கிணறு
எட்டிப் பார்க்கும் எல்லோருக்கும்
தலைக்குப் பின்னால் வானம்

பெரிய கதவில், ஆள் மட்டும் குனிந்து நுழைகிற சின்னத் திட்டிவாசலுக்கு இப்படி:

படைகள் முட்டியும் திறக்காதது
இன்று காற்றுக்குத்
தலையாட்டுகிறது

களஞ்சியத்துக்கு ஒன்று வருவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் தரைக் கல்லில் அது தானாகவே முளைத்திருந்தது:

காலிக் களஞ்சியம்
விரிசலில் பச்சையாய்
ஒரே ஒரு மணி

நனைந்தாலும் அழியாத நல்ல பேனாவாக மகள் வாங்கி வந்து கொடுத்தாள். கூட்டங்கள் மாறின. அட்டையைப் பார்ப்பார்கள், இடத்தைப் பார்ப்பார்கள், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்கள். களஞ்சியத்தில் அந்த ஒரு மணியைத் தேடிப் பெரிய பெரிய மனிதர்கள் மண்டியிட்டார்கள். மேலாளர் ஒருநாள் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் அக்கா இருக்கு. எனக்கே என்னமோ பண்ணுது. ஆனா மார்க் போட வர்றவங்க எப்படியோ?"

பரீட்சை நாளில் வந்த அதிகாரி கனத்த உடம்புக்கார அம்மாள். முழங்கால் வலி வேறு. காதில் பென்சில் செருகியிருந்தது. வாசலிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"தொண்டை சரியில்லைன்னு சொன்னாங்க. எனக்கு இரக்கம் பார்த்து மார்க் போடற வழக்கம் கிடையாது. சுற்று நல்லா இருந்தா உரிமம், இல்லைன்னா இல்லை."

அக்கா தலையாட்டினாள். சாதாரண நாள் கூட்டம்தான். அதிகாரியும் அதில் ஒருவராக நடந்தார். மேலாளரும் நெட்டையனும் பின்னால் வந்தார்கள். காற்று காலையிலிருந்தே கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. வாசலில் அட்டையைக் காட்டினாள், திட்டிவாசல் கதவு சொல்லிவைத்த மாதிரி ஆடியது, கூட்டம் சிரித்தது. லாயம், களஞ்சியம், கிணறு எல்லாம் நன்றாகவே போயின. அதிகாரியின் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பென்சில் கீறிக்கொண்டே இருந்தது.

உச்சிக்கு ஏறினார்கள். அங்கே காவல் மேடை. ஒரு பக்கம் காவல்காரன் உட்கார்ந்திருந்த அகலமான கல், அதைச் சுற்றி வெயிலில் கொதிக்கிற தட்டைக்கல் தரை. அக்கா கடைசி அட்டையை எடுக்கப் பையைத் திறந்ததுதான் தாமதம், காற்று பாய்ந்து வந்தது. அட்டைக் கட்டு மொத்தமும் கையை விட்டுப் போனது. சுவருக்கு மேலே எழும்பி, ஒவ்வொன்றாகப் பிரிந்து, கீழே அகழித் தண்ணீரில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஐயையோ!" என்றது கூட்டம். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

நெட்டையனுக்கு மனசு கேட்கவில்லை. "இந்த மேடையைப் பத்தி நான் சொல்லட்டுங்களா மேடம்?"

"பரீட்சை உங்களுக்கு இல்லையே" என்றார் அதிகாரி. அக்காவைப் பார்த்தார். பென்சில் நின்றிருந்தது.

அக்கா வாயைத் திறந்தாள். இதை மறைப்பானேன்? திறக்கத்தான் செய்தாள். இந்த மேடையைப் பற்றிய கதை, காவல்காரன், அவன் ஊதும் கொம்பு, அவன் தூங்கிவிட்ட அந்த ஒரு நாள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அந்தக் காற்றில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே ஒரு தடவை கத்திவிட்டால் வேலை பிழைத்துவிடும், குரல் போனால் போகட்டும் என்று தோன்றியது. தொண்டை இழுத்துப் பிடித்தது. வலித்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கல்லைப் பார்த்தாள். கல்லில் யாரும் எழுதக்கூடாது, எழுதினால் அபராதம். காதலர்கள் எத்தனை பேரை இதே இடத்தில் விரட்டி வெளுத்து வாங்கியிருக்கிறாள்! கரி ஆகாது, சுண்ணாம்புக் கட்டி ஆகாது. பையில் குடிதண்ணீர் பாட்டில் இருந்தது.

உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றினாள். தரையில் மண்டியிட்டு, விரலைத் தோய்த்து, சூடான கல்லில் பெரிது பெரிதாக எழுதினாள். அட்டையில் இருந்ததை அல்ல. அப்போது கண்ணெதிரே இருந்ததை.

எதிரி வரவில்லை
காவல்காரன் கல்லில்
வெயில் உட்கார்ந்திருக்கிறது

மூன்றாவது வரியை முடிப்பதற்குள் முதல் வரி காய்ந்து போய்விட்டது. அதிகாரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிறகு, "சே, இந்தக் காலு" என்று முனகியபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருங்க, இருங்க. முதல் வரி போச்சு. மறுபடி எழுதுங்க."

அக்கா மறுபடி எழுதினாள். இந்த முறை கூட்டம் வட்டமாக நெருங்கி உட்கார்ந்தது. காய்வதற்குள் படித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் யாரோ முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்கள். இரண்டாவது வரிக்கு நாலைந்து குரல் சேர்ந்தது. மூன்றாவது வரியை எல்லோரும் சொன்னார்கள். குழந்தைகள், அந்த நெட்டையன்கூட. கடைசி எழுத்தும் ஆவியாகிப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. காவல்காரன் கல்லில் வெயில் உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு நெஞ்சு விம்மியது. அவளுடைய மிக நல்ல நாளில்கூட, அவளுடைய மிக நீளமான கதையில்கூட, ஒரு கூட்டம் இப்படி உட்கார்ந்ததில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஒரு கேள்வியாவது கேட்கணும்னு விதி இருக்கு. எதிரி எந்தப் பக்கத்திலேருந்து வருவான்னு இங்க உட்கார்ந்து காத்திருந்தாங்க?"

அக்கா எழுந்து அதிகாரிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கல்லில் அவரை உட்கார வைத்தாள். தோளைப் பிடித்து ஒரு துளி திருப்பினாள், அவ்வளவுதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே, கீழே சமவெளியில் தூரத்திலிருந்து வரும் ஒரே ஒரு பாதை தெரிந்தது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். "புரிஞ்சுது."

கீழே அலுவலகத்தில் மேலாளர் மார்க் தாளைக் கையில் வாங்கினார். குரல் என்று போட்டிருந்த இடத்துக்கு எதிரே எண் எதுவும் இல்லை. 'தேவைப்படவில்லை' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அடியில் இன்னொரு வரியும் இருந்தது: உரிமம் புதுப்பிக்கப்படுகிறது, குரல் திரும்பிய பிறகும் தினமும் காலையில் ஒரு சுற்று இப்படியே நடக்க வேண்டும். மேலாளர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். நெட்டையன் அக்காவை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"காலைக் கூட்டம் போச்சு எனக்கு" என்றான், வாயெல்லாம் பல்லாக.

அக்கா குன்றை விட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். அடிவாரத்தில் ரொட்டி வேன் நின்றிருந்தது. அவள் கணவர் ரொட்டி போட வேண்டிய கடைகளையெல்லாம் மறந்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு? சொல்லு. சொல்லாதே, சொல்லாதே, எழுது! என்ன ஆச்சு?"

அக்கா பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, வேனின் சூடான முன்பக்கத்தில் எழுதினாள்: ஜெயிச்சாச்சு.

அவர் முன்கண்ணாடி வழியாக எட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் எழுத்து மறைந்தது. அந்த அமைதியான மனிதர் ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். கடைக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள், ஜன்னல்கள் திறந்தன, யாரோ திட்டினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். வேன் கிளம்பியது. அவர் தெரு முழுக்க, வீடு வரைக்கும், ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.